பொதுவுடைமை ஆட்சி போன பிறகு ரஷ்யர்கள் தங்களை யாரென்று சொல்லிக்கொண்டார்கள்?

நெய்தல்வாசன் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, பல நாளாக மனத்தில் கிடந்த கேள்வி இது.

1990 ஜூன் 12 அன்று, சோவியத் ஒன்றியத்தின் ஓர் அங்கமாக இருந்த ரஷ்யக் குடியரசின் மக்கள் பிரதிநிதிகள் பேரவை இறையாண்மைப் பிரகடனம் நிறைவேற்றியது. இன்றைக்கும் அந்த நாள்தான் ரஷ்யாவின் தேசிய விடுமுறை. ஆனால் யாரிடமிருந்து இறையாண்மை? சோவியத் ஒன்றியத்தின் தலைநகரும் மாஸ்கோ, ரஷ்யக் குடியரசின் தலைநகரும் மாஸ்கோ. லிதுவேனியரும் ஜார்ஜியரும் மாஸ்கோவிடமிருந்து விடுபட்டோம் என்று கொண்டாடினார்கள். ரஷ்யர்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

என் கருத்து இதுதான்: பொதுவுடைமை போனபோது மற்றக் குடியரசுகளின் மக்கள் ஒரு பேரரசிலிருந்து வெளியே வந்தார்கள், ரஷ்யர்களோ தங்கள் வீடாக நினைத்திருந்த ஒன்றை இழந்தார்கள். உக்ரைனுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் சொந்தமாகக் கட்சி அமைப்பு இருந்தது, அறிவியல் கழகம் இருந்தது. ரஷ்யக் குடியரசுக்கு 1990 வரை தனிப் பொதுவுடைமைக் கட்சியே கிடையாது. ஒன்றியத்தின் நிறுவனங்கள்தான் ரஷ்யர்களின் நிறுவனங்கள் என்று கொள்ளப்பட்டது. ஒன்றியம் கலைந்த அன்று, ரஷ்யர்களுக்கு மட்டும் எனத் தனியாக எதுவும் மிஞ்சவில்லை.

1996-இல் மறுதேர்தலில் வென்ற கையோடு ரஷ்யாவின் முதல் குடியரசுத் தலைவர் யெல்ட்சின், நாட்டுக்கு ஒரு தேசியக் கருத்து வேண்டும், அதைத் தேடித் தாருங்கள் என்று அறிஞர்களிடம் கேட்டார். அரசு நாளிதழ் ஒன்று வாசகர்களுக்குப் போட்டியே அறிவித்தது. எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் ஒன்று அதிலிருந்து பிறக்கவில்லை. தான் யாரென்று ஒரு நாடு போட்டி வைத்துத் தேட வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை நாம் பேச வேண்டும்.

---

குரும்பை

நல்ல தொடக்கம். ஆனால் "எதுவும் மிஞ்சவில்லை" என்பதை நான் ஏற்க மாட்டேன்.

மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களோடு வளர்ந்த தலைமுறை நான். பூ. சோமசுந்தரமும் ரா. கிருஷ்ணையாவும் மொழிபெயர்த்தவற்றைக் கண்காட்சியில் சில்லறைக் காசுக்கு வாங்கிப் படித்தோம். 1991-ஓடு அந்த வரத்து நின்றுபோனது. அந்த நூல்களில் வந்த சோவியத் மனிதன் வெறும் பிரசாரப் பொம்மை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவன் உண்மையில் இருந்தான். அல்மா-அதாவில் பிறந்து, கீவில் படித்து, நரீல்ஸ்கில் சுரங்க வேலைக்குப் போய், ஓர் ஆர்மீனியப் பெண்ணை மணந்து, சோச்சியில் விடுமுறை கழித்த கோடிக்கணக்கானவர்களுக்கு "சோவியத்" என்பது வாழ்ந்த வாழ்க்கை.

யூரி லெவாதா என்ற சமூகவியலாளர் 1989-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். சோவியத் மனிதன் என்ற வகை அந்தத் தலைமுறையோடு மறையும் என்பது அவர் குழுவின் எதிர்பார்ப்பு. அடுத்தடுத்த சுற்றுகளில் கண்டதோ வேறு: அரசை நம்பாமலேயே அரசைச் சார்ந்திருக்கும் அந்த மனப்பாங்கு இளையவர்களிடமும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. ஆகவே, இல்லாத அடையாளத்தைத் தேடினார்கள் என்று சொல்வதைவிட, நாடு போன பின்னும் போகாமல் நின்ற அடையாளத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் திணறினார்கள் என்பதே சரி.

---

வடமராட்சியான்

குரும்பை ஐயா சொல்வதை என் கண்ணால் கண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் உதவித்தொகை கிடைத்து மாஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனேன். ஒன்றியம் கலைந்த காலம் முழுவதும் அங்கேதான்.

1988-இல் பள்ளிகளில் வரலாற்றுத் தேர்வையே அரசு ரத்துச் செய்திருந்தது. பாடநூலில் இருப்பது பொய் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு பிள்ளைகளிடம் எதைக் கேட்பது? கட்சி வரலாறு கற்பித்த துறைகள் ஓரிரு ஆண்டுகளில் அரசறிவியல் துறை, பண்பாட்டியல் துறை என்று பெயர் மாற்றிக்கொண்டன. ஆசிரியர்கள் அதே ஆட்கள். எங்களுக்குக் கற்பித்த ஓர் அம்மையார் ஹார்க்கிவில் பிறந்தவர், கசகஸ்தானில் வளர்ந்தவர், மாஸ்கோவில் வேலை. கடவுச்சீட்டில் இனம் என்ற இடத்தில் "ரஷ்யர்". அவருடைய தாயார் உக்ரைனில், தம்பி கசகஸ்தானின் அல்மா-அதாவில், கணவரின் பெற்றோர் லாத்வியாவின் ரீகாவில். 1991 டிசம்பர் 25 இரவு கிரெம்ளின் மேல் செங்கொடி இறங்கியபோது, ஒரே குடும்பம் நான்கு நாடுகளில் இருந்தது. அவர் குடும்பம் மட்டுமல்ல, சுமார் இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் இருந்த இடத்தை விட்டு அசையாமலே வெளிநாட்டில் வசிப்பவர்களானார்கள்.

அடுத்த வாரம், ஜனவரி 2-ஆம் திகதி, விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1992 முடிவதற்குள் விலைகள் ஏறத்தாழ 26 மடங்கு ஏறின. வாழ்நாள் சேமிப்பு கரைந்து போனது. லுபியான்காவில் குழந்தைகள் உலகம் என்ற பெரிய அங்காடிக்கு முன்னால் ஆட்கள் வரிசையாக நின்று வீட்டுப் பொருட்களை விற்றார்கள். ஒரு சோடி சப்பாத்து, ஒரு தேநீர்ப் பாத்திரம், கணவரின் பதக்கங்கள். பாண் வாங்கக் காசில்லாத பொறியியலாளரிடம் போய் "இப்போது நீங்கள் சுதந்திர மனிதர்" என்று சொன்னால் அந்தச் சுதந்திரத்தை அவர் எதனோடு சேர்த்து நினைவில் வைப்பார்?

என் பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து லுமும்பாவை 1992-இல் நீக்கினார்கள். 2023-இல் மீண்டும் சேர்த்துவிட்டார்கள்.

---

தாழைமடல்

பாண் வாங்கக் காசில்லாதவரைப் பற்றி வடமராட்சியான் அண்ணா சொன்ன இடம்தான் முக்கியம். அடையாளத் தேடல் என்று நூலகத்து மொழியில் பேசுகிறோம். அங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1980-களின் இடையில் 64 வயதைத் தாண்டியிருந்த ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1994-இல் 58-க்கும் கீழே இறங்கியது. போர் நடக்காத ஒரு தொழில்வள நாட்டில் இப்படி நடப்பது மிக அரிது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் யெல்ட்சின் தன் நாடாளுமன்றத்தின் மீதே டாங்கியால் சுடச் செய்தார். 1994 டிசம்பரில் செச்னியாவுக்குள் படை போனது. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. மக்களாட்சி என்ற சொல்லுக்கு ரஷ்யர்கள் கண்ட பொருள் இவ்வளவும்தான். "நாம் யார்" என்பதற்குப் புதிய விடை அந்தப் பத்து ஆண்டுகளில் முளைத்திருக்க வேண்டும். முளைக்க விடவில்லை.

---

வோல்காக்கரை

நான் வோல்கோகிராத் நகரில், அதாவது போர்க்காலத்து ஸ்டாலின்கிராடில், மருத்துவம் படித்தவன். தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவர்கள் அங்கே ஏராளம். மாமயேவ் குன்றின் உச்சியில், வாளோடு சேர்த்து 85 மீட்டர் உயரத்தில், தாய்நாட்டுச் சிலை நிற்கிறது. நகரின் நீண்ட நெடுஞ்சாலையில் பல இடங்களிலிருந்து அது கண்ணில் படும்.

நெய்தல்வாசன் கேட்ட கேள்விக்கு விடை போட்டியில் கிடைக்கவில்லை, சரி. ஆனால் விடை கிடைத்துவிட்டது. மே 9, இரண்டாம் உலகப் போரின் வெற்றி நாள்.

சாரை (பழைய ரஷ்யப் பேரரசரை) வெறுப்பவர், லெனினை வெறுப்பவர், தேவாலயம் போகிறவர், போகாதவர் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சிய ஒரே செய்தி, பாசிசத்தைத் தோற்கடித்தோம் என்பது. இரண்டு கோடியே எழுபது லட்சம் சோவியத் மக்கள் அந்தப் போரில் இறந்தார்கள். இறந்தவர் இல்லாத குடும்பம் அங்கே அபூர்வம். அரசு சொல்லிக் கொடுத்துத்தான் இது வரவேண்டும் என்றில்லை. 2012-இல் தோம்ஸ்க் நகரத்துப் பத்திரிகையாளர்கள் சிலர் தொடங்கிய "அழியாப் படையணி" ஊர்வலத்தை நினைத்துப் பாருங்கள். அவரவர் தாத்தா பாட்டியின் புகைப்படத்தை ஏந்தி நடக்க வேண்டும். கட்சிக் கொடி கூடாது, விளம்பரம் கூடாது என்பது அவர்கள் வைத்த விதி. அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் லட்சக்கணக்கில் நடந்தார்கள். என் வகுப்புத் தோழியின் வீட்டில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தயார்செய்தபோது உடனிருந்தேன். அந்த வீட்டில் யாருக்கும் அரசியல் ஆர்வம் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயரை உரக்கச் சொல்ல ஒரு நாள் கிடைத்தது என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு அரசு அதைக் கையில் எடுத்துக்கொண்டது. 2015-இல் செஞ்சதுக்கத்தில் புட்டின் தன் தந்தையின் படத்தோடு முன்வரிசையில் நடந்தார். குடும்பத்தின் துக்கமாக இருந்தது ஆட்சியின் உரிமைப் பத்திரமாக மாறியது அங்கேதான் என்பது என் எண்ணம். "நாங்கள் தாங்கினோம்" என்ற நினைவு "நாங்கள் எப்போதும் சரி" என்ற கோட்பாடாக ஆனது.

---

நெய்தல்வாசன்

வோல்காக்கரை, நீங்கள் சொன்ன இடத்துக்கு வந்துசேரும் முன் அவர்கள் எத்தனை கடந்தகாலங்களை எடுத்துப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் சாரின் காலம். 1931-இல் ஸ்டாலின் ஆட்சி வெடி வைத்துத் தகர்த்த மீட்பர் கிறிஸ்து பேராலயத்தின் இடத்தில் சோவியத் அரண்மனை எழுவதாக இருந்தது. போரால் அது நின்றுபோய், 1960-இல் திறந்தவெளி நீச்சல் குளம் வந்தது. தொண்ணூறுகளில் குளத்தை மூடிப் பழைய ஆலயத்தை அச்சு அசலாகத் திரும்பக் கட்டி 2000-இல் திருநிலைப்படுத்தினார்கள். 1998 ஜூலை 17 அன்று, கொல்லப்பட்டு 80 ஆண்டு நிறைந்த நாளில், இரண்டாம் நிக்கொலாயின் எச்சங்களைப் பீட்டர்ஸ்பர்க்கில் அடக்கம் செய்தார்கள். யெல்ட்சின் வந்து தலைவணங்கினார். மறைமுதல்வர் அலெக்சி வரவில்லை. எலும்புகள் சாருடையவைதானா என்பதில் திருச்சபைக்கு ஐயம். தேசத்தையே ஒன்றுசேர்க்க வேண்டிய சடங்கில் அரசும் திருச்சபையும்கூட ஒன்றாக நிற்க முடியவில்லை.

அடுத்து விழா நாட்கள். நவம்பர் 7, புரட்சி தினம். 1996-இல் அதற்கு "உடன்பாடும் சமரசமும்" என்று பெயர் மாற்றினார்கள். யாரோடு யார் சமரசம் என்று யாருக்கும் விளங்கவில்லை. 2005 முதல் அதை எடுத்துவிட்டு நவம்பர் 4-ஐ வைத்தார்கள்: 1612-இல் மீனினும் பஜார்ஸ்கியும் திரட்டிய படை போலந்துக்காரர்களை மாஸ்கோவிலிருந்து விரட்டிய நிகழ்வின் நினைவு. முதல் ஆண்டே தீவிரத் தேசியவாதிகள் அன்று "ரஷ்யப் பேரணி" நடத்தி வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு எதிராக முழங்கினார்கள்.

நாட்டுப்பண் இன்னொரு கதை. 1990 முதல் கிளிங்காவின் மெட்டு ஒன்று இருந்தது, அதற்குச் சொற்கள் இல்லை. பாடச் சொல் இல்லாமல் வாய்மூடி நிற்க வேண்டியிருக்கிறதே என்று விளையாட்டு வீரர்கள் குறைப்பட்டார்கள். 2000 டிசம்பரில் புட்டின் சோவியத் மெட்டையே திரும்பக் கொண்டுவந்தார். சொற்களைப் புதிதாக எழுதியவர் செர்கேய் மிகல்கோவ். ஸ்டாலின் காலத்துப் பண்ணை எழுதிய இருவரில் ஒருவர்; 1977-இல் ஸ்டாலின் பெயரை நீக்கித் திருத்தியவரும் அவரே. சாரின் இரட்டைத்தலைக் கழுகு, 1991-இன் மூவண்ணக் கொடி, சோவியத் மெட்டு, படைகளுக்குச் செங்கொடி, எல்லாம் ஒரே மாதத்தில் சட்டமாயின. யெல்ட்சின் மெட்டை வெளிப்படையாக எதிர்த்தார். பெரும்பான்மை மக்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். எந்தக் கடந்தகாலத்தையும் விட வேண்டியதில்லை, எதற்கும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்பதே அந்தத் தொகுப்பின் கவர்ச்சி என்று நான் நம்புகிறேன்.

---

இளவேனில்

இத்தனை பதிவுகளிலும் "ரஷ்யர்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிப் போகிறோம். அந்த நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ரஷ்ய இனத்தவர் அல்லர். தாத்தாரியர், பஷ்கீரியர், சுவாஷியர், செச்சேனியர், புர்யாத்தியர், யாக்குத்தியர். அவர்களுக்கு இந்தத் தேடல் என்ன செய்தது என்று கேட்காமல் இந்த இழை நிறைவடையாது.

ரஷ்ய மொழியில் இரண்டு சொற்கள் உண்டு: இனத்தால் ரஷ்யர் "ரூஸ்கி", குடியுரிமையால் ரஷ்யர் "ரஸ்ஸியானின்". யெல்ட்சின் தன் உரைகளில் இரண்டாவதையே விடாமல் பயன்படுத்தினார். 1993 அரசியல் சட்டம் "பல தேசிய இன மக்களாகிய நாம்" என்றுதான் தொடங்குகிறது. நல்ல நோக்கம். 1997-இல், நாட்டுக்குள் அடையாள அட்டையாகப் பயன்படும் உள்நாட்டுக் கடவுச்சீட்டிலிருந்து இனம் என்ற பதிவை நீக்கினார்கள். யூதர்கள் பலருக்கு அது நிம்மதி. அந்த ஒரு வரியால் வேலையும் கல்லூரி இடமும் இழந்தவர்கள் அவர்கள். தாத்தர்ஸ்தானிலோ கடும் எதிர்ப்பு. எங்கள் இருப்புக்கு இருந்த ஒரே எழுத்துச் சான்றையும் எடுத்துவிட்டீர்களே என்றார்கள். ஒரே சீர்திருத்தம், இரண்டு மக்களுக்கு இரண்டு பொருள்.

தாத்தர்ஸ்தானின் தலைநகரான கசானில், கோட்டைக்குள் குல் ஷரீப் மசூதியைப் பார்த்திருக்கிறேன். 1552-இல் கொடுங்கோல் இவான் நகரைப் பிடித்தபோது அழிந்த மசூதியின் நினைவாகக் கட்டி 2005-இல் திறந்தது. சற்றுத் தள்ளி, வெற்றிக்குப் பின் இவான் எழுப்பச் சொன்ன பேராலயம். இரண்டும் ஒரே மதிலுக்குள் இருப்பதுதான் எனக்குப் பிடித்த ரஷ்யா. ஆனால் அந்த ரஷ்யா சுருங்கிக்கொண்டே வருகிறது. 2017-இல் மாஸ்கோவுக்கும் தாத்தர்ஸ்தானுக்கும் இருந்த அதிகாரப் பகிர்வு உடன்படிக்கை புதுப்பிக்கப்படவில்லை. 2018-இல் பள்ளிகளில் குடியரசு மொழிகளைக் கற்பது விருப்பப் பாடமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இஜெவ்ஸ்கில் உத்முர்த்திய அறிஞர் அல்பெர்த் ராசின் அதை எதிர்த்து உயிர் துறந்தார். 2020 திருத்தத்தில் ரஷ்ய மொழி "அரசை உருவாக்கிய மக்களின் மொழி" என்று அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளில் "நாம் எல்லோரும்" என்பதிலிருந்து "முதலில் நாங்கள்" என்பதற்கு வந்திருக்கிறார்கள்.

வோல்காக்கரைக்கு ஒன்று. போர் வெற்றி எல்லோருக்கும் பொது என்றீர்கள். 1944 பிப்ரவரி 23 அன்று, செம்படை தினத்தில், செச்சேனியரையும் இங்குஷியரையும் அத்தனை பேரையும் சரக்கு ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார்கள். அதே நாள் இன்று "தாய்நாட்டுக் காவலர் தினம்" என்ற பெயரில் விடுமுறை. செச்னியாவின் தலைநகர் கிரோஸ்னியில் ஒரு மூதாட்டி அன்று எதை நினைப்பார்?

---

வோல்காக்கரை

இளவேனில், நீங்கள் சொன்னது கனமானது. அதோடு இதையும் வையுங்கள்: கசான் கோட்டை வாயிலில் நிற்பது தாத்தாரியக் கவிஞர் மூசா ஜலீலின் சிலை. நாஜிகளின் சிறையில் கவிதை எழுதி, 1944 ஆகஸ்டில் பெர்லினில் தலை துண்டிக்கப்பட்டவர். தாத்தாரியர்கள் அவரைத் தங்கள் வீரராகத்தான் கொண்டாடுகிறார்கள். அது மாஸ்கோ திணித்த பெருமை அன்று. போர் நினைவுக்குள் பல மக்களுக்கும் இடம் இருந்தது. அதை ஒற்றைக் குரலாக்கியதுதான் என் வருத்தம்.

---

குரும்பை

கணக்குக் கேட்காத தொகுப்பு என்று நெய்தல்வாசன் சொன்னதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். என் தலைமுறை இதில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

1991 ஆகஸ்ட் 22 இரவு லுபியான்காவில், சோவியத் இரகசியப் போலீசை நிறுவிய ஜெர்ஜின்ஸ்கியின் சிலையைப் பளுதூக்கியால் இறக்கினார்கள். அதே சதுக்கத்தில் அதற்கு முந்தைய ஆண்டே அரசியல் கைதிகளை அடைத்த சலவெத்ஸ்கித் தீவு முகாமிலிருந்து கொண்டுவந்த ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. சோவியத் கால அடக்குமுறையை ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பின் முயற்சி அது. 2007 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 29 அன்று மக்கள் அந்தக் கல்லருகே வரிசையில் நின்று, ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர், வயது, தொழில் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். "உங்கள் தாத்தா யார்" என்ற கேள்விக்கு அழியாப் படையணி தந்த விடையைப் போலவே அதுவும் ஒரு விடைதான். போரில் மாண்டவரும் முகாமில் மாண்டவரும் பல வீடுகளில் அண்ணன் தம்பிகள். அரசு ஒரு வரிசைக்குச் செஞ்சதுக்கத்தைத் திறந்துவிட்டது. மற்றதை நடத்திய மெமோரியலை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கலைத்தது. அடுத்த ஆண்டு அந்த அமைப்புக்கு நோபல் அமைதிப் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

எல்லாக் காலத்துக்கும் நாட்டுக்கும் உரிய மாமனிதர்கள் யார் என்று லெவாதா குழு கேட்டபோது 1989-இல் ஸ்டாலினைச் சொன்னவர்கள் 12 விழுக்காடு. 2017-இல் 38 விழுக்காடு, முதலிடம். சோவியத் நூல்களை நேசித்த எனக்கு இந்த எண்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. அந்த நாட்டு எழுத்தாளர்களில் எத்தனை பேரை முகாம்கள் விழுங்கின!

---

கரிசல்பூ

புதிய உறுப்பினர். ஒரு கேள்வி மட்டும். உக்ரைன் போர் இந்தத் தேடலின் விளைவா, அல்லது ஒரு தனி மனிதரின் முடிவா?

---

வடமராட்சியான்

தம்பி, முடிவு எடுத்தவர் ஒருவர். அந்த முடிவு பலருக்கு இயல்பாகத் தோன்றியதற்குக் காரணம் பழையது.

1990-இல் எழுத்தாளர் சோல்செனித்சின் நாடு கடந்து வாழ்ந்தபடியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சோவியத் நாளிதழ்கள் அதை இலட்சக்கணக்கில் அச்சிட்டன. பால்டிக், காக்கசஸ், மத்திய ஆசியக் குடியரசுகளை விட்டுவிடுவோம், பேரரசுச் சுமை ரஷ்யரைக் கொல்கிறது என்றார். துணிவான கருத்து. ஆனால் உக்ரைனையும் பெலாரஸையும் விட அவருக்கும் மனமில்லை. மூன்றும் ஒரே மக்கள் என்பது அவர் நம்பிக்கை. முகாமில் கிடந்து அரசை எதிர்த்தவருக்கே அந்த இடத்தில் கால் தடுக்கியது. புட்டின் 2021 ஜூலையில் எழுதிய கட்டுரையும் ரஷ்யரும் உக்ரேனியரும் ஒரே மக்கள் என்றுதான் வாதிட்டது. ஏழு மாதத்தில் படை போனது.

அந்த வாதத்தை உடைத்தது எது என்றால், ஹார்க்கிவ். என் ஆசிரியை பிறந்த ஊர். தெருவில் ரஷ்ய மொழியே கேட்கும் நகரம். ரஷ்ய மொழி பேசுகிறவர் ரஷ்யப் படையை வரவேற்பார் என்று எதிர்பார்த்தார்கள். அங்கிருந்தவர்கள் ரஷ்ய மொழியிலேயே கட்டளை கொடுத்துச் சண்டையிட்டு நகரைக் காத்தார்கள். மொழி ஒன்று, நாடு வேறு என்று முப்பது ஆண்டுகளில் அவர்கள் தீர்மானித்திருந்தார்கள். மாஸ்கோ அந்த முப்பது ஆண்டுகளை எண்ணவே இல்லை.

---

இளவேனில்

2022 செப்டம்பரில் ஆள்சேர்ப்பு ஆணை வந்ததும் லட்சக்கணக்கான ஆண்கள் கசகஸ்தானுக்கும் ஜார்ஜியாவுக்கும் கிளம்பிப் போனார்கள். போரை எதிர்த்து வெளியேறியவர்கள் பலர் கையில் புதிய கொடி: மூவண்ணத்தில் சிவப்புப் பட்டையை நீக்கி வெள்ளை, நீலம், வெள்ளை. தேடல் இப்போது அவர்களிடம் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். பேரரசு இல்லாமலும் ரஷ்யராக இருக்கலாம் என்று முதன்முறையாகச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

---

வடமராட்சியான்

இளவேனில், அதில் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. 1917-க்குப் பிறகும் பாரிஸிலும் பெர்லினிலும் பிராகிலும் கூடிப் பேசினார்கள். ரஷ்யா ஐரோப்பாவும் அன்று ஆசியாவும் அன்று, தனி உலகம் என்னும் யூரேசியவாதம் என்ற கருத்தே இருபதுகளில் புலம்பெயர்ந்தோரிடையே பிறந்ததுதான். அது ஊர் திரும்ப எழுபது ஆண்டாயிற்று. திரும்பியபோது அதைப் பேரரசுவாதிகள் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் பதினான்கு கோடிப் பேர் தங்கள் பள்ளியில், ஊராட்சியில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைப் பேசும் உரிமை பெறாமல் எந்தக் கொடியும் அங்கே ஏறாது. 2023 செப்டம்பரில் பதினொன்றாம் வகுப்புக்கு அரசு ஒரே வரலாற்றுப் பாடநூலைக் கொடுத்துவிட்டது. உக்ரைன் போரை நியாயப்படுத்தும் அத்தியாயமும் அதில் இருக்கிறது. 1988-இல் தேர்வை ரத்துச் செய்த நாடு அது.

---

நெய்தல்வாசன்

ஐயா, அந்தப் பாடநூல் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். 1988-க்கும் 2023-க்கும் இடையில் வந்த நூல்களில் ஸ்டாலின் காலத்தை எப்படி எழுதினார்கள் என்பதைத் தேடி எடுத்து வைக்கிறேன். கசான் பள்ளிகளில் தாத்தாரிய வரலாறு தனியாகக் கற்பிக்கப்பட்ட காலம் பற்றி இளவேனில் எழுதினால் அங்கேயே சேர்த்துவிடலாம்.